பாட்டன் பிறந்த ஊர்: இலங்கையின் வம்சாவளிப் பிரஜாவுரிமை

இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டிலேயே நிறைவேறி, 1948 நவம்பர் 15ஆம் தேதி அமுலுக்கு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில், படிப்போர் பெரும்பாலும் கவனியாமல் தாண்டிச் செல்லும் ஏழாவது பிரிவு ஒன்று உண்டு. பெற்றோர் இன்னாரென்று தெரியாமலும், தெரிந்துகொள்ள வழியில்லாமலும், இலங்கை மண்ணில் கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்படும் பச்சிளங் குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படும்வரை வம்சாவளிப் பிரஜையாகவே கருதவேண்டும் என்பது அதன் தாத்பரியம். கருணையோடு எழுதப்பட்ட பிரிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு தோட்டத்து லயத்தில், ஊரறியத் தகப்பனும் பாட்டனும் உள்ள வீட்டில் பிறந்த குழந்தைக்கு, அதே சட்டம் அந்த அந்தஸ்தை மறுத்தது. வம்சம் தெரியாத குழந்தை வம்சாவளிப் பிரஜையாயிற்று. வம்சம் தெரிந்த குழந்தை, அது தெரிந்த காரணத்தினாலேயே, நாடற்றதாயிற்று.

இந்த விபரீதத்தின் வேர் நான்காம் பிரிவில் இருக்கிறது. சட்டம் அமுலுக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தகப்பனார் இலங்கையில் பிறந்திருந்தால் வம்சாவளிப் பிரஜை ஆவார். தகப்பனார் வேறு நாட்டில் பிறந்தவரானால், தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் ஆகிய இருவருமே இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். தாயார் எங்கே பிறந்தார் என்ற கேள்வியே எழவில்லை. தாம் பிறந்தது இலங்கை, வளர்ந்தது இலங்கை, உழைத்தது இலங்கை என்பவை தனியே ஒரு பயனும் தரவில்லை. உலக நாடுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களைப் பிறந்த மண்ணைப் பிரமாணமாகக் கொள்பவை என்றும், பெற்றோரின் இரத்தத்தைப் பிரமாணமாகக் கொள்பவை என்றும் இரு வகையாகப் பிரிப்பது சட்ட நூலாரின் வழக்கம். இலங்கைச் சட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. தகப்பன் எந்த நாட்டின் பிரஜை என்று அது கேட்கவில்லை. எந்த இடத்தில் பிறந்தான் என்றே கேட்டது. ஆகவே அது மண்ணின் விதிதான். ஆனால் உயிரோடு எதிரே நிற்கும் மனிதனின் மண்ணை விட்டுவிட்டு, அவனுடைய தகப்பனின் மண்ணை, அது போதாவிட்டால் பாட்டன் பூட்டன் மண்ணை அளந்த விதி.

அயல்நாட்டில் பிறந்த தகப்பனுடைய பிள்ளைக்காக வைத்த அந்த இரண்டாம் வழி யாருக்காகத் திறந்தது என்று ஆராய்ந்தால் விஷயம் தெளிவாகும். 1948இல் முப்பது வயதுள்ள ஒரு தோட்டத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவன் பிறந்தது 1918. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்று கொண்டால், தகப்பன் 1893ஐயும், பாட்டன் 1868ஐயும், பூட்டன் 1843ஐயும் ஒட்டிப் பிறந்தவர்கள். அந்த 1843இல் இலங்கை மலைநாட்டில் தேயிலை இல்லை; கோப்பிதான் இருந்தது. கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியதில்லை. பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பறிப்பு முடிந்ததும் தங்கள் ஊர் அறுவடைக்குத் திரும்பிச் சென்றார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பி இலைகளில் நோய் கண்டது 1869இல். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை மலையேறிற்று. தேயிலை வாரந்தோறும் கொழுந்து விடும் செடி; அதைக் கிள்ளுவதற்குப் பெண்களின் கை வேண்டும்; ஆகவே குடும்பங்கள் குடும்பங்களாக வந்து தங்கிய வாழ்க்கை அதன் பிறகே தொடங்கிற்று. 1843இல் கண்டிச் சீமையில் தமிழ்க் கூலிப் பெண்ணொருத்திக்குப் பிரசவமாகியிருந்தால் அது அபூர்வம். அப்படிப் பிறந்த பிள்ளையும் இலங்கையிலேயே தங்கி, அதன் பிள்ளையும் இலங்கையிலேயே பிறந்திருந்தால் அது அதனினும் அபூர்வம். பயிரின் சரித்திரமே இந்த வழியை அடைத்துவிட்டது. சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்த எளிய கணக்குத் தெரியாது என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயிருந்தன. பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் இந்தக் கணக்கையும் அறிந்தே இருந்தது.

இதே சட்டம் இலங்கைக்கு வெளியே பிறந்தவர்களை எப்படி நடத்தியது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வெளிநாட்டில் பிறந்தவராயினும், தகப்பனாரும் தந்தைவழிப் பாட்டனாரும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் வம்சாவளிப் பிரஜை. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய், ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த குடும்பங்களுக்கு இது பெரிய அனுகூலம். சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ பிறந்து, பருத்தித்துறையைக் கண்ணால் பாராத பிள்ளைக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. அது நியாயந்தான். ஆனால் கண்டியைத் தவிர வேறு ஊரைக் கண்ணால் பாராத பிள்ளைக்கு அது இல்லாமற் போனதை என்னவென்று சொல்வது? இந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்தவரும், 1949இல் இந்தப் பிரச்சினையையொட்டியே தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தவருமான எஸ். ஜே. வி. செல்வநாயகம், 1898இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் தெல்லிப்பழை. இலங்கைக்கு வெளியே பிறந்த அந்தப் பிரஜை எழுந்து நின்று, இலங்கையிலேயே பிறந்தும் பிரஜையாகாதவர்களுக்காகப் பேசினார்.

இனி முதல் வழி, அதாவது தகப்பன் இலங்கையில் பிறந்திருத்தல் என்பதைப் பார்ப்போம். இது தேயிலைக் காலத்துக் குடும்பங்களில் கணிசமானவர்களுக்குப் பொருந்தக்கூடியது. 1893இல் ஒரு லயத்தில் பிறந்த தகப்பனுக்கு 1918இல் பிறந்த மகன், சட்டத்தின் எழுத்துப்படி, யாரிடமும் விண்ணப்பிக்காமலே பிரஜைதான். ஆனால் அவன் அதை மெய்ப்பிக்கவேண்டும். இலங்கையில் பிறப்புப் பதிவு 1867இல் தொடங்கியதாயினும் அது கட்டாயமானது 1897இல்தான். தோட்டங்களில் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துத் துரையினுடையது. 1893இல் பிறந்த ஒரு கூலிப் பிள்ளைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கேயிருந்து வரும்?

காகிதமே இல்லாத ஜனங்கள் என்று இவர்களைச் சொல்லிவிடவும் முடியாது. இவர்களைப்போல் காகிதத்தில் ஏற்றப்பட்ட ஏழை ஜனங்கள் அக்காலத்தில் குறைவு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் ஒவ்வொரு தலையும் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் ஏறிற்று; வேலைக்கு வந்த நாளும் வராத நாளும், அரைப்பேரும் முழுப்பேரும், கொடுத்த அரிசியும் பிடித்த பணமும் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் பெயர்வதாயின், கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் உள்ள கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் இவர்களை விடுவோம் என்று எழுதிய துண்டு ஒன்று கைமாறவேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கடல் கடந்து வந்தவனின் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கிற்று. அவனுடைய வழிச்செலவு அந்த இலக்கத்தின் பேரில் பற்றெழுதப்பட்டது. கடனை நிரூபிக்க ஆதாரம் இருந்தது. ஜனனத்தை நிரூபிக்கத்தான் இல்லை. இருந்த ஆதாரங்களும் தொழிலாளியின் பெட்டியில் இல்லை. தோட்டத்துக் கந்தோரில் இருந்தன. குடும்பப் பெயர் என்று ஒன்று வைத்துக்கொள்ளாத சமூகத்தில், ராமசாமி மகன் கருப்பையா என்றும் கருப்பையா மகன் ராமசாமி என்றும் பாட்டன் பெயரே பேரனுக்கு வந்துகொண்டிருக்க, அதை ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர்மார் தோட்டத்துக்கு ஒரு விதமாக எழுத்துக்கூட்ட, ஒரே மனிதனை மூன்று புத்தகங்களில் மூன்று மனிதர்களாகக் காண்பது விசாரணை அதிகாரிக்குக் கடினமாக இருந்திராது.

சிங்களக் கிராமத்துக் குடியானவனிடமும் தகப்பனுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அவனிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. பத்திரம் இல்லாமை எல்லாருக்கும் பொது. கேட்கப்படுதல் சிலருக்கு மட்டுமே. ஒருவருடைய வம்சாவளி அந்தஸ்தில் சந்தேகம் எழுந்தால், அவர் அமைச்சரிடம் விண்ணப்பித்து அத்தாட்சிப் பத்திரம் பெறலாம் என்று ஆறாம் பிரிவு கூறிற்று. கொடுப்பதும் மறுப்பதும் அமைச்சரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. சந்தேகம் யார்மீது எழும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்திருந்தால் பதிவுப் பிரஜை ஆகலாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு ஒருமுறை ஊருக்குப் போயிருந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். அது 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதியோடு முடிந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் பகிஷ்காரம் செய்து, பின்னர் மனம் மாறிக் கடைசி மாதங்களில் ஜனங்களை விண்ணப்பிக்கச் செய்தது. இந்தத் தாமதம் ஒரு ராஜதந்திரப் பிழை என்றே நினைக்கிறேன். அப்படியிருந்தும் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. விசாரணைகளெல்லாம் முடிந்தபோது பிரஜைகளானவர்கள் சுமார் 1,34,000 பேர்.

இந்த எண்ணிக்கைகளைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அவற்றுக்குள் மறைந்துகிடக்கும் வேறொரு சங்கடத்தைச் சுட்டுவாரில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பவன், தன் பூர்வீகம் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ உள்ளது என்று ஒப்புக்கொண்டே கையெழுத்தோ கைந்நாட்டோ இடவேண்டும். தகப்பன் இலங்கையில் பிறந்ததால் வம்சாவளிப் பிரஜையாகவே இருந்தும், அதை நிரூபிக்க ஆதாரமற்றவன், கைவசமுள்ள செக்ரோல் சான்றைக்கொண்டு பதிவுப் பிரஜையாக முயல்வதே விவேகம் என்று இந்தப் பாரத்தை நிரப்பியிருப்பான். தன்னிடம் ஏற்கெனவே இருந்த உரிமையை இல்லையென்று ஒப்புக்கொண்டு, அதனிலும் தாழ்ந்த ஒன்றை யாசகமாகக் கேட்டு, அதுவும் மறுக்கப்பட்டு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் கணக்கிடவில்லை.

1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்குரிமை என்று விதிக்க, தேருநர் இடாப்புகளிலிருந்து தோட்டத்துப் பெயர்கள் வெட்டப்பட்டன. ருவன்வெல்லைத் தொகுதியில் அப்படிப் பெயர் இழந்த கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. எந்தச் சமூகத்துக்கும் மற்றச் சமூகங்களுக்கு இல்லாத பாதகத்தைச் சட்டத்தால் விதிக்கலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவே அவருடைய ஆயுதம். தன் பிரஜைகள் யாரென்று நிர்ணயிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரமே என்று 1953இல் தீர்ப்பாயிற்று. இந்தியத் தமிழர் பதிவின் மூலம் பிரஜையாகித் தம் சந்ததியைக் காத்துக்கொள்ளலாமே என்பதும் நீதிபதிகள் காட்டிய நியாயங்களுள் ஒன்று. பதிவு மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்த காலத்தில் சொல்லப்பட்ட சமாதானம் அது.

சந்ததி என்ற அந்தச் சொல்லே ஐந்தாம் பிரிவுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. சட்டம் அமுலுக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளை, பிறக்கும் வேளையில் தகப்பன் பிரஜையாக இருந்தால்தான் வம்சாவளிப் பிரஜை. தகப்பன் நாடற்றவனானால் பிள்ளையும் நாடற்றது. அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும் பிள்ளையும் அப்படியே. தாய் பிரஜையாக இருந்தால் பதிவுக்கு மனுச் செய்யலாமேயன்றி வம்சாவளி கிடையாது; விவாகமின்றிப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தகப்பன் என்ற இடத்தில் தாய் என்று கொள்ளப்பட்டது. முறையாக மணந்தவளின் பிள்ளையைவிட மணமாகாதவளின் பிள்ளைக்கு உரிமை எளிதாகக் கிட்டுமாறு நேர்ந்ததைக் கண்டு, சாஸ்திரமும் சம்பிரதாயமும் பேசும் நம்மவர்கள் ஆச்சரியப்படக்கூடும்.

இனி, அந்தப் பாட்டன் பிறந்த தேசத்தின் சட்டம். இந்திய அரசியலமைப்பின் எட்டாம் ஷரத்து, வெளிநாட்டில் வாழும் ஒருவர், தாமோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் யாரேனும் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருந்தால், வசிக்கும் நாட்டிலுள்ள இந்திய ஸ்தானிகரிடம் பதிந்து இந்தியப் பிரஜையாகலாம் என்று விதித்தது. தாய்வழியையும் ஏற்றது, பெற்றோர் இருவரும் அயல்நாட்டில் பிறந்திருந்தாலும் தடை சொல்லாதது, ஆகிய இரண்டாலும் இது தாராளமான விதி. ஆனால் பதிந்தாலொழியப் பிரஜையில்லை. இலங்கையில் வேரூன்றியவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் உறுதியான நிலை. இலங்கை கைவிட்டதனாலேயே ஒருவர் இந்தியராகிவிடமாட்டார் என்று அவர் சொல்லிவந்தார். பெரும்பாலோர் பதியவும் விரும்பவில்லை. பதிந்தால் இலங்கை மீதான உரிமையைத் தாமே கைவிட்டதாகும். ஆகவே புதுக்கோட்டைக்கு அருகில் பிறந்த ஒரே கிழவன், கொழும்பில் தன் பேரனுக்குத் தடையாகவும், டில்லியில் தகுதியாகவும் நின்றான். பேரனோ இரு தேசத்து இடாப்புகளிலும் இல்லை.

இதற்கு அரசாங்கங்கள் கண்ட பரிகாரம் மனிதர்களைப் பங்கிடுவது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 9,75,000 பேர் என்று மதிக்கப்பட்டவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒவ்வொரு பங்குக்கும் அதன் இயற்கைப் பெருக்கமும் சேரும். அதாவது இனிப் பிறக்கும் பிள்ளைகள் தகப்பன் எந்தப் பங்கில் விழுந்தானோ அந்தப் பங்கிலேயே பிறப்பார்கள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனையே கணக்கில் கொண்டது; தாய்க்கும் அந்த இடம் கிடைத்தது 1992 டிசம்பரில்தான்.

ஒப்பந்தம் காலாவதியான பின்பும், இந்தியாவுக்குச் செல்லும் தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோன பின்பும், இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே லயங்களில் தங்கிவிட்டவர்கள் இருந்தார்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் இருந்தார்கள். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் பகுதி பகுதியாகச் செய்ததை, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாக்கியத்தில் செய்து முடித்தது: 1964 அக்டோபர் 30ஆம் தேதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும், அவர்களின் சந்ததியாராய் அங்கே வசிப்பவர்களும் பிரஜைகள். பூட்டன் பிறந்த ஊரை யாரும் கேட்கவில்லை. ஓர் எளிய பிரகடனம் போதுமென்றாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனமும் தொண்டர்களும் துணைநிற்க, பத்தே நாளில் 1,90,000 பேருக்கு மேல் உரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு நீடித்த ஒரு சிக்கல் பத்து நாளில் அவிழக்கூடியதாயிருந்தது என்றால், அதை முடிந்து வைத்தது நிர்வாகக் கஷ்டம் அல்லவென்று தெரிகிறது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் மூலச் சட்டத்தில் தகப்பன் என்றிருந்த இடத்தைப் பெற்றோரில் எவரும் என்று மாற்றித் தாய்க்கும் வழிவிட்டது.

இந்த ஏற்பாடுகளுக்கும் வெளியே நின்றவர்கள், 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்துசேர்ந்த மலைநாட்டுக் குடும்பங்கள். இலங்கையில் வசிக்கவேண்டும் என்ற நிபந்தனையை அவர்களுக்காக 2009இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தளர்த்தியது. இந்தியாவிலேயே தங்க விரும்புகிறவர்களின் நிலைமை வேறு. இந்திய வம்சாவளி என்பது இந்தியச் சட்டத்தின் கண்ணில் இன்றும் ஒரு தகுதியே. ஆனால் செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் கடல் கடந்து வந்தவர் சட்டவிரோதக் குடியேறி ஆவதால், அந்தத் தகுதியைக் காட்டி விண்ணப்பிக்கும் வழி அடைபட்டிருக்கிறது. இலங்கையிலேயே இருந்து இந்திய ஸ்தானிகரிடம் போயிருந்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கக்கூடிய வம்சாவளி, இராமேசுவரத்துக் கரையில் இறங்கியதும் செல்லாமற் போயிற்று. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய முகாம்வாசிகள் சிலரின் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதைப் பொருட்படுத்தி விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. வம்சாவளியைக் காட்டுவதற்கு இப்போது அவர்கள் தேடவேண்டியது, தங்கள் பாட்டனோ பூட்டனோ தமிழ்நாட்டில் பிறந்ததற்கான ஆதாரத்தை.